கணியூர் டூ நியூயார்க்... எத்தனை மணி நேரம் பாஸ்?

ஒரு சின்னக் கேள்வி. செல்போனைத் தொடாம பதில் சொல்லணும், ஓகே? நம்ம கோயமுத்தூர் ஏர்போர்ட்ல இருந்து நேரா நியூயார்க் கிளம்பினா, வழியில எந்தெந்த நாடு வரும்?

'அரபிக் கடல், ஏமன், ஆப்பிரிக்கா, அப்புறம் அட்லாண்டிக்...'னு காத்துல விரலால கோடு போட்டிருப்பீங்களே! ஸ்கூல் அட்லஸைப் பார்த்து வளர்ந்த யாருமே அப்படித்தான் போடுவாங்க. அந்தக் கோட்டை விடாமப் பிடிச்சுப் போனா 15,200 கிலோமீட்டர். ஆனா நிஜமான குறுக்கு வழி 13,500 கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் குறுக்கு வழியில மும்பை வரும். ஆப்கானிஸ்தான் வரும். மாஸ்கோ பக்கத்துல வரும். பின்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து எல்லாம் வரும். கிரீன்லாந்தோட தெற்கு முனையை உரசிக்கிட்டு, கனடா வழியா நியூயார்க் போய் இறங்கணும்!

'அடப்பாவி, அமெரிக்கா போறதுக்கு ஐஸ்லாந்து ஏண்டா?'ன்னு கேக்கறீங்களா... வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஊர்க் குழப்பத்தைத் தீர்த்துடலாம். மடத்துக்குளம் பக்கம் ஒரு கணியூர் இருக்கு. நான் சொல்றது அது இல்லீங்க. கோவை - அவிநாசி ரோட்டுல, கருமத்தம்பட்டிக்கு முன்னாடி, டோல்கேட் இருக்கற கணியூர். இந்தப் பக்கம் சோமனூர் விசைத்தறி, அந்தப் பக்கம் அவிநாசியைத் தாண்டினா திருப்பூர் பனியன் கம்பெனிகள். கோவை ஏர்போர்ட் இங்கே இருந்து சுமார் 15 கிலோமீட்டர்.

இந்த டோல்கேட் ஓரமா ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. ரெண்டு வகை வண்டி கண்ணுல படும். ஒண்ணு, அட்டைப்பெட்டி அடுக்கின லாரி. கோவை ஏர்போர்ட்டுக்கோ கொச்சிக்கோ போகுது. இன்னொண்ணு, டாப்புல பெரிய சூட்கேஸ் கட்டி, உள்ளே ஒரு குடும்பமே உக்காந்திருக்கற டாக்ஸி. நடுவுல ஒரு பையனோ பொண்ணோ எம்.எஸ். படிக்கக் கிளம்புது. பெட்டிக்கும் சரி, பையனுக்கும் சரி, வீட்டுல கேக்கற கேள்வி ஒண்ணுதான். 'எப்பப் போய்ச் சேரும்?' எத்தனை கிலோமீட்டர்னு யாரும் கேக்கறதில்லை. அவங்க கேக்கறதுதான் சரியான கேள்வின்னு நான் சொல்வேன். ஏன்னா, இந்தக் கிலோமீட்டரை வெச்சு நேரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது!

நூலை இழுத்துப் பிடிங்க...

பனியன் கம்பெனி ஊர்ல நூலுக்கா பஞ்சம்? ஒரு முழம் எடுத்துக்கோங்க. லைப்ரரியில தூசு படிஞ்சு ஒரு உலக உருண்டை இருக்கும், அதையும் எடுங்க. நூலோட ஒரு முனையை கோவை மேல வைங்க, மறு முனையை நியூயார்க் மேல. இப்ப டைட்டா இழுங்க. நூல் தானா வடக்கே ஏறும். ரஷ்யா, ஐஸ்லாந்துன்னு போய் உக்காரும். நீங்க எவ்வளவு முயற்சி பண்ணி ஆப்பிரிக்கா பக்கம் தள்ளினாலும் நூல் தொளதொளன்னு ஆயிடும். உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற குறுக்கு வழி அதுதான். பெரு வட்டம்னு ஜியாகிரபி புத்தகத்துல வரும்.

அட்லஸ் ஏன் பொய் சொல்லுது? உருண்டையைப் பிரிச்சு தட்டையா ஒட்டணும்னா எங்கேயாவது இழுத்துத்தான் ஆகணும். 1569-ல மெர்க்கேட்டர்ங்கறவர் போட்ட மேப், திசை மாறாம கப்பல் ஓட்டறவங்களுக்காக. அதுல வட துருவத்துப் பக்கம் போகப் போக எல்லாமே ஊதிப் பெருசாத் தெரியும். நிஜத்துல ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெருசு. அந்த மேப்ல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிக்கும்.

நூல் வேண்டாம், கணக்குதான் வேணும்னா அதுவும் ஈஸி. (எம்-1 அரியர் வெச்சிருக்கறவங்க அடுத்த பாராவுக்குத் தாவிக்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்!) கோவையோட அட்ச ரேகை வடக்கே 11.03, தீர்க்க ரேகை கிழக்கே 77.04. நியூயார்க் கென்னடி ஏர்போர்ட் வடக்கே 40.64, மேற்கே 73.78. ரெண்டு அட்ச ரேகையோட சைனையும் பெருக்குங்க: 0.1246. ரெண்டோட காஸையும் பெருக்கி, தீர்க்க ரேகை வித்தியாசம் 150.82-ஓட காஸாலயும் பெருக்குங்க: மைனஸ் 0.6503. கூட்டினா மைனஸ் 0.5257. அதுக்கு இன்வர்ஸ் காஸ் தட்டினா 121.7 டிகிரி. பூமியில ஒரு டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர். முடிஞ்சது, 13,530 சொச்சம். கால்குலேட்டர் ரேடியன்ல இருந்தா ஐஸ்லாந்துக்குப் பதிலா ஆஸ்பத்திரி வரும், பார்த்துக்கோங்க.

இந்தக் கோட்டுல ஒரு ஆச்சர்யம். 72.87 டிகிரி தீர்க்க ரேகையில இந்தக் கோடு எங்கே இருக்குன்னு போட்டுப் பார்த்தா, கிட்டத்தட்ட மும்பை ஏர்போர்ட் தலைக்கு மேலேயே போகுது. அதாவது மும்பையில இறங்கி மாறினாலும் தூரத்துல பெருசா நஷ்டமே இல்லை. அபுதாபி போய் மாறினா வெறும் 300 கிலோமீட்டர்தான் கூட. சிங்கப்பூர் வழியா சுத்தினாத்தான் 18,500 ஆகுது, 5,000 கிலோமீட்டர் தண்டம்.

900-ஆல வகுத்தா போதுமா?

பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிதானமான பிறகு மணிக்கு 900 கிலோமீட்டர் போகும். 13,500-ஐ 900-ஆல வகுத்தா 15. சபாஷ், பதினஞ்சு மணி நேரம்! காலையில கிளம்பினா ராத்திரி சாப்பாட்டுக்குப் பர்கர். ஆனா வீட்டுல இருந்து கிளம்பி, நியூயார்க் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர்றதுக்கு நிஜத்துல 24 மணி நேரத்துக்குக் குறைஞ்சு ஆகாது. மீதி ஒன்பது மணி நேரத்தை யார் திருடினது?

முதல் திருடன், 900-ங்கற அந்த நம்பரே. சென்னை - கோவை ஆகாயத்துல 400 கிலோமீட்டர் சொச்சம். டைம்டேபிள்ல ஒண்ணேகால் மணி நேரம் போடுவாங்க. வகுத்துப் பாருங்க, மணிக்கு 330 கிலோமீட்டர்தான் வருது! ஏன்னா, டைம்டேபிள்ல இருக்கறது பறக்கற நேரம் இல்லை. ஏர்போர்ட்ல விமானம் நகர ஆரம்பிச்சதுல இருந்து அந்த ஊர்ல போய் நிக்கற வரைக்கும் உள்ள நேரம். ரன்வேக்கு ஊர்ந்து போறது, க்யூவுல நிக்கறது, ஏறுறது, இறங்கறது எல்லாம் அதுல அடக்கம். கோவை - ஷார்ஜா சுமார் 2,770 கிலோமீட்டர், நாலு மணி நேரம்னு வெச்சா சராசரி 690. உலகத்துலயே நீளமான ரெகுலர் சர்வீஸ்னு பேர் வாங்கின சிங்கப்பூர் - நியூயார்க், 15,349 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதுக்குப் போட்ட நேரம் 18 மணி 40 நிமிஷம். அப்பவும் சராசரி 820-தான். தூரம் கூடக் கூட சராசரி வேகம் ஏறுது, ஆனா 900-ஐத் தொடறதில்லை.

இதுல இன்னொரு விஷயம். நீங்க நடுவுல ஒரு ஊர்ல மாறினா, இந்த ஏறி இறங்கற செலவை ரெண்டு தடவை கட்டறீங்க. கோவையில இருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. வெளிநாட்டுக்குன்னு பார்த்தா ஷார்ஜா, சிங்கப்பூர், 2024 ஆகஸ்ட்ல இண்டிகோ ஆரம்பிச்ச அபுதாபி... இப்படிப் பக்கத்து ஊர்களுக்குத்தான் சர்வீஸ் வந்திருக்கு.

ரெண்டாவது திருடன் காத்து. பத்து கிலோமீட்டர் உயரத்துல மேற்கே இருந்து கிழக்கே ஒரு காத்து ஆறு மாதிரி ஓடுது. ஜெட் ஸ்ட்ரீம். அமெரிக்காவுல இருந்து வரும்போது அது முதுகைத் தள்ளும், போகும்போது மூஞ்சியில அறையும். எவ்வளவு வித்தியாசம்னா, 2020 பிப்ரவரி 9 அன்னைக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, புயல் காத்து தள்ளின தள்ளுல நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்து இறங்கிடுச்சு. வழக்கமா ஆறரை, ஏழு மணி நேரம் ஆகற ரூட்! அதே நாள் எதிர்த் திசையில போனவங்க பாடு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதனாலதான் பைலட்டுகள் நூல் வழியிலயே கண்ணை மூடிட்டுப் போறதில்லை. நூறு கிலோமீட்டர் சுத்தினாலும் காத்து சாதகமா இருந்தா அந்த வழி. ஒவ்வொரு நாளும் ரூட் வேற வேற.

இந்த ரெண்டு திருடனும் இயற்கை. கோவிச்சுக்க முடியாது. மூணாவது ஆள் இருக்கானே, அவன்தான் வில்லன்.

விமானத்துக்கும் பாஸ்போர்ட் உண்டு!

மறுபடியும் அந்த நூலைப் பாருங்க. மும்பை, குஜராத், அப்புறம் பாகிஸ்தானோட சிந்து, ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா. இந்த லிஸ்டைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குதா? வானத்துல கேட் கிடையாதுன்னு நினைக்கறோம். இருக்கு. நம்ம டோல்கேட்டாவது காசைக் கொடுத்தா திறக்கும். அங்கே காசு கொடுத்தாலும் சில நேரம் திறக்காது. (காசும் கொடுக்கணும். ஒரு நாட்டு வான்வெளியைத் தாண்டறதுக்கு ஏர்லைன்ஸ்கிட்ட கட்டணம் வாங்கறாங்க.)

2019 பிப்ரவரியில பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடினது. ஜூலை 16 வரைக்கும் நம்ம விமானங்களுக்குத் திறக்கலை. அந்த நாலரை மாசத்துல ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஜூலை 2 வரைக்கும் 491 கோடி ரூபாய் நஷ்டம்னு பார்லிமென்ட்ல அரசாங்கமே சொன்னது. மறுபடியும் 2025 ஏப்ரல் 24, பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்திய ஏர்லைன்ஸ்களுக்குக் கதவை மூடினாங்க. ஏப்ரல் 30-ல நாமளும் அவங்களுக்கு மூடினோம். அப்போ டெல்லியில இருந்து அமெரிக்கா போற ஏர் இந்தியா விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடலைச் சுத்திப் போச்சு. எரிபொருள் போதாம சிலது வியன்னாவுல இறங்கி நிரப்பிக்கிட்டு, பைலட்டை மாத்திக்கிட்டுக் கிளம்பினது. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சர்வீஸையே நிறுத்திட்டாங்க. அதுக்குச் சொன்ன காரணங்கள்ல இந்த வான்வெளியும் ஒண்ணு.

கவனிங்க, ரெண்டு ஏர்போர்ட்டும் அங்கங்கேதான் இருக்கு. தூரம் ஒரு அடி கூட மாறலை. நேரம்தான் மாறிச்சு. அதுவும் எல்லாருக்கும் மாறலை. அதே வானத்துல வேற நாட்டு விமானம் ஜாலியாப் போகலாம், வால்ல இந்தியப் பேர் இருந்தாப் போக முடியாது.

இதுக்கு நேர் எதிர்க் கதை ரஷ்யா. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடியாச்சு. யுனைடெட் ஏர்லைன்ஸ் 2022 மார்ச்ல டெல்லி - சான்பிரான்சிஸ்கோ, மும்பை - நெவார்க் சர்வீஸை நிறுத்தினது. நம்ம ஏர் இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை, ரஷ்யா மேல பறந்துச்சு. அதுலயும் ஒரு ரிஸ்க் இருக்கு. 2023 ஜூன் 6-ல டெல்லியில இருந்து சான்பிரான்சிஸ்கோ போன விமானத்துல எஞ்சின் கோளாறு. 216 பயணிகளோட ரஷ்யாவோட கிழக்குக் கோடியில மகதான்ங்கற ஊர்ல இறங்கிச்சு. சின்ன ஊர், அத்தனை பேருக்கு ஹோட்டல் ஏது? தற்காலிகமா படுக்க இடம் ஏற்பாடு பண்ணினாங்க. மும்பையில இருந்து வேற விமானம் போய் அவங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. பதினாறு மணி நேரப் பயணம் எத்தனை மணி நேரமா ஆச்சுன்னு கணக்குப் போடுங்க.

ஆப்கானிஸ்தான்? 2021 ஆகஸ்ட்ல ஆட்சி மாறினப்போ, கீழே இருந்து வழி சொல்ற கன்ட்ரோலர்களே இல்லாமப் போச்சு. பெரும்பாலான ஏர்லைன்ஸ் சுத்திப் போக ஆரம்பிச்சாங்க.

ஆக, நம்ம நூல் வழியில மூணு இடத்துல முடிச்சு. நூலை அறுத்துட்டு, ஈரான், துருக்கி, ஐரோப்பான்னு இன்னொரு பக்கமா இழுத்துக் கட்ட வேண்டியதுதான். அங்கேயும் நிம்மதி இல்லை. 2025 ஜூன் 23 ராத்திரி கத்தார் திடீர்னு வான்வெளியை மூடினப்போ, சில மணி நேரத்துலயே உலகம் பூரா விமானங்கள் திசை தெரியாம வேற வேற ஊர்ல இறங்கிச்சு.

'சரி, நேரா கோவையில இருந்தே விடட்டுமே?'

ஊர்ல அடிக்கடி கேக்கற டயலாக் இது. 1940-லேயே பீளமேட்டுல விமான நிலையம் வந்தாச்சு. 2012-ல சர்வதேச அந்தஸ்தும் கிடைச்சாச்சு. அப்புறம் ஏன் பெரிய விமானம் வரலை?

கோவை ரன்வே நீளம் 2,990 மீட்டர். இங்கே தினம் வந்து போற ஏ320 நியோ விமானம், முழுசா நிரப்பினாலும் 79 டன். அதுக்கு இது தாராளம். ஆனா நியூயார்க் வரைக்கும் போற போயிங் 777-300 ஈ.ஆர். கிளம்பும்போது 351 டன் வரைக்கும் இருக்கும். அதுல டேங்க்ல மட்டும் 1,81,000 லிட்டர் பிடிக்கும். எடைக்கு மாத்தினா 145 டன். அதாவது விமானத்தோட எடையில நாப்பது சதவிகிதம் எரிபொருளேதான்! நீளப் பயணத்துல எரிபொருள்ல ஒரு பங்கு, மீதி எரிபொருளைச் சுமக்கறதுக்கே செலவாகற மாதிரி ஒரு சாபம். கூடவே நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் உயரம், மத்தியான வெயில் வேற. சூட்டுல காத்து லேசாயிடும். எஞ்சினுக்கும் இழுவை குறையும், இறக்கைக்கும் தூக்கல் குறையும். அதனால இன்னும் நீளமா ஓடித்தான் எழும்ப முடியும்.

ரன்வேயை 3,810 மீட்டரா நீட்டணும்னு திட்டம். நிலம் எடுக்கறதே பத்து வருஷத்துக்கும் மேல இழுத்த கதை. 2024-லதான் எடுத்த நிலத்தை விமான நிலைய ஆணையத்துக்கிட்ட ஒப்படைக்க தமிழக அரசு வழி விட்டது.

ரன்வே நீண்டா மறுநாளே நியூயார்க் விமானம் வந்து நிக்கும்னு கனவு காணாதீங்க ப்ளீஸ். தினமும் முன்னூறு பேர் கோவையில இருந்து அந்த ஒரே ஊருக்கு ஏறணுமே? பெங்களூரையே எடுத்துக்கோங்க. ஐ.டி. தலைநகரம். அங்கே இருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் வர்றதுக்கே 2021 ஜனவரி ஆச்சு. (அந்த முதல் விமானத்தை சான்பிரான்சிஸ்கோவுல இருந்து வட துருவத்து மேல ஓட்டிக்கிட்டு வந்தது கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில முழுக்கப் பெண் பைலட்டுகள். நேர்த் தூரம் 13,993 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்கும் மேல!) கோவைக்கு நீள ரன்வேயோட உண்மையான லாபம் வேற. அகலமான விமானம் வந்தா அதோட வயித்துல டன் கணக்குல சரக்கு ஏறும். இப்ப சின்ன விமானத்துல பயணிகளோட பெட்டி போக மிச்சம் இருக்கற இடம்தான். அதனாலதான் நம்ம பக்கத்து பனியன் பெட்டிங்க லாரியில கொச்சி, பெங்களூரு, சென்னைன்னு அலையுது. பதினஞ்சு கிலோமீட்டர்ல ஏர்போர்ட்டை வெச்சுக்கிட்டு, நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல போய்ப் பறக்குது.

பெட்டி லேட்டானா...

ஏர்ல அனுப்பறதுன்னா திருப்பூர்ல எந்த மெர்ச்சண்டைசரும் சந்தோஷமா சொல்ற வார்த்தை இல்லை. கப்பல்தான் கணக்கு. பொதுவா தூத்துக்குடியில ஏத்தி விட்டா கப்பல் வாடகை பையர் பாடு. சாயம் லேட், செக்கிங் லேட், கரண்ட் போச்சுன்னு தேதி தவறினா, 'ஏர்ல அனுப்பு, செலவு உன்னோடது'ன்னு ஒரு மெயில் வரும். ஒரு டி-ஷர்ட்ல கிடைக்கற லாபத்தைவிட அதைப் பறக்க வைக்கற செலவு அதிகம். மூணு மாச உழைப்பு மூணு நாள்ல காலி.

கப்பலும் இப்ப பழைய கப்பல் இல்லை. 2023 நவம்பர்ல செங்கடல்ல ஹூதிகள் தாக்க ஆரம்பிச்ச பிறகு பெரிய கம்பெனிகள் சூயஸை விட்டுட்டு, ஆப்பிரிக்காவோட தெற்கு முனையைச் சுத்த ஆரம்பிச்சாங்க. கூடுதலா பத்துப் பதினாலு நாள்.

இந்த நாள் கணக்கு எவ்வளவு காசுன்னு 2025 ஆகஸ்ட்ல தெரிஞ்சது. இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரின்னு அறிவிச்சது, ஆகஸ்ட் 27 முதல் அமல். அதுல ஒரு சின்ன சலுகை இருந்துச்சு. அந்த நேரத்துக்கு முன்னாடி கப்பல்ல ஏத்தி, செப்டம்பர் 17-க்கு முன்னாடி அமெரிக்க சுங்கத்தைத் தாண்டிட்டா புது வரி இல்லை. கையில இருக்கறது இருபத்தோரு நாள். தூத்துக்குடியில ஏத்தினது கொழும்புல மாறி, ஆப்பிரிக்காவைச் சுத்தி நியூயார்க் போறதுக்கு ஒரு மாசத்துக்கும் மேல! கடைசி நாள் ஓடி ஓடி ஏத்தினவங்களுக்கு அந்த சலுகையால என்ன பிரயோஜனம்? ஏர்ல அனுப்பினாலோ ஆகஸ்ட் 27-க்கு முன்னாடியே அங்கே சுங்கத்தைத் தாண்டியிருக்கணும். அதே 13,500 கிலோமீட்டர்தான். வரியை முடிவு பண்ணினது கிலோமீட்டர் இல்லை, காலண்டர்.

டிக்கெட் போடறவங்களுக்கு...

இனி மீதி ஒன்பது மணி நேரத்துல பெரிய பங்கு எதுன்னு பார்ப்போம். காத்துக் கிடக்கறது! கிளம்பறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட். நடுவுல மாறுற ஊர்ல மூணு, நாலு மணி நேரம். அங்கே போய் இமிக்ரேஷன் க்யூ. இந்த மூணையும் கூட்டுங்க, திருடு போன நேரத்துல முக்கால்வாசி இங்கேயே கிடைச்சிடும்.

அதனால எம்.எஸ். கனவோட இருக்கற மகா ஜனங்களே, டிக்கெட் பார்க்கும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, மொத்த நேரத்தைப் பாருங்க. ஆனா நேரம் குறைச்சலா இருக்குன்னு ஒண்ணேகால் மணி நேரக் கனெக்‌ஷனுக்கு ஆசைப்படாதீங்க. முதல் விமானம் முக்கால் மணி லேட்டானா போச்சு. ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கறேன்னு கோவை - டெல்லி தனி டிக்கெட், டெல்லி - நியூயார்க் தனி டிக்கெட் போட்டா, முதல் விமானம் தாமதமாகி ரெண்டாவது போயிட்டா ரெண்டாவது ஏர்லைன்ஸ் கண்டுக்க மாட்டாங்க. ஒரே பி.என்.ஆர்-ல இருந்தா அடுத்த விமானத்துல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. அபுதாபியில ஒரு வசதி இருக்கு. 2014-ல இருந்து அமெரிக்க இமிக்ரேஷன் அதிகாரிங்க அங்கேயே உக்காந்து செக் பண்ற ஏற்பாடு. அங்கே முடிச்சுட்டா நியூயார்க்ல இறங்கி உள்ளூர்ப் பயணி மாதிரி நடந்து வெளியே வரலாம்.

அப்புறம் கடிகாரம். வெள்ளிக்கிழமை விடியக்காலை 4 மணிக்கு கோவையில கிளம்பி 24 மணி நேரம் ஆகுதுன்னு வைங்க. நியூயார்க்ல இறங்கும்போது அங்கே அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6.30 (கோடைக்காலக் கணக்கு. குளிர்காலம்னா 5.30). ஒரு நாள் இலவசம்! திரும்பி வரும்போது அந்தக் கடனை வட்டியோட கட்டணும். வெள்ளி ராத்திரி 10 மணிக்கு அங்கே கிளம்பினா, காத்து தள்ளி விட்டு 22 மணி நேரத்துலயே வந்தாலும், கோவையில ஞாயித்துக்கிழமை காலை 5.30. சனிக்கிழமை கண்ணுலயே படாது.

இந்தக் கணக்கை வெறும் வேடிக்கைக்குச் சொல்லலை. நம்ம பக்கத்து கிராமங்கள்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. பெரியவர் ஒருத்தர் தவறிட்டா, பையன் வெளிநாட்டுல இருக்கான்னு ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டு வந்து வைப்பாங்க. வாசல்ல பந்தல், உள்ளே சொந்தக்காரங்க. 'பையன் ஏறிட்டாருங்களா? எப்ப வர்றாரு?'ங்கறதுதான் வர்றவங்க எல்லாரும் கேக்கறது. வெள்ளிக்கிழமை காலையில நம்ம ஊர்ல விஷயம் நடந்தா, நியூயார்க்ல அது வியாழன் ராத்திரி. அன்னைக்கு ராத்திரி விமானம் போயிருக்கும், இல்லைன்னா சீட் இருக்காது. அடுத்ததைப் பிடிச்சா வெள்ளி ராத்திரி கிளம்பி ஞாயிறு விடியல். 22 மணி நேரப் பயணத்துக்காக வீட்டுல ரெண்டு முழு நாள் காத்திருக்காங்க.

அதனால வெளிநாட்டுல இருக்கற அண்ணன், அக்காகிட்ட அடுத்த தடவை பேசும்போது ரெண்டு விஷயம் கேளுங்க. பாஸ்போர்ட் எப்ப முடியுது? திரும்பி உள்ளே போறதுக்கு விசா உயிரோட இருக்கா? அவசரத்துக்கு டிக்கெட் கிடைச்சும் இந்த ரெண்டுல ஒண்ணு காலாவதி ஆகி, கிளம்ப முடியாம அங்கேயே உக்காந்து வீடியோ கால்ல பார்க்கறவங்க இருக்காங்க. ரெண்டும் சரியா இருந்து, மும்பை வழியா ஒரே டிக்கெட்டா போட்டு, கனெக்‌ஷனும் ஒழுங்கா அமைஞ்சா, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள கணியூர் டோல்கேட்டைத் தாண்டிடலாம்.